சூடம் அணைத்த வாத்தியார்

இனிமேல் தம் பிள்ளைகள் தோட்டத்துப் பள்ளிக்கூட வாசலை மிதிக்கப் போவதில்லை என்று ஆபீசில் கணக்கு எழுதும் சதாசிவக் கிராணி ஒரு நாள் விடிகாலையில் பிரட்டுக் களத்தில் வைத்தே அறிவித்துவிட்டார். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் ஆட்கள் பெயர் கொடுக்க வரிசையில் நின்றிருந்தார்கள். கிராணியாரின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்கும் சேர்த்துத்தான் அவர் உரக்கச் சொன்னார்.

“கிராணி வீட்டுப் பிள்ளைங்க இனிமே வீட்லதான் படிக்கும். எம் மேற்பார்வையில!”

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பரீட்சையில் பெரிய கங்காணியின் மகன் முதலாவதாக வந்துவிட்டான். கிராணியின் மகன் வேலு கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடுவான். கங்காணி அன்றைக்கு ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாகக் கற்கண்டு கொடுத்தார். கிராணி வீட்டுக்கும் ஒரு கட்டி வந்தது. அதை வாயில் போட்டதிலிருந்து சதாசிவத்துக்கு நெஞ்செரிச்சல். பள்ளிக்கூடம் சரியில்லை என்று அந்த எரிச்சலோடேயே முடிவு கட்டிவிட்டார்.

சதாசிவம் கெட்ட மனிதர் அல்லர். ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் ஸ்கூடாய்க்கு உள்ளே, செம்மண் பாதை முடிகிற இடத்தில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் அவரைப் போல நேரத்துக்கு ஆபீசுக்குப் போகிற கிராணி கிடையாது. பொறாமை ஒன்றுதான் அவரிடம் கொஞ்சம் தாராளம். தோட்டத்துத் துரை வேறொருவனைப் பார்த்துச் சிரித்தால் அவருக்குச் சோறு இறங்காது. துரையின் நாயைத் துரை தடவிக் கொடுத்தாலும் அன்றைக்கு வீட்டில் குழம்பில் உப்பு சரியில்லை என்று சண்டை வரும்.

சரி, வீட்டுப் பள்ளிக்கூடம் தொடங்கியது. ஆபீசிலிருந்து கறுப்பு மையும் சிவப்பு மையும் கொண்டுவந்து சதாசிவமே பாட அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினார். கணக்கு, தமிழ், இங்கிலீஷ், பூகோளம், ஒழுக்கம். எல்லாவற்றுக்கும் நேரே கறுப்பு மையில் ‘சந்திரமதி’ என்று மனைவியின் பெயர். அடியில் சிவப்பு மையில் ‘மேற்பார்வை: சதாசிவம்’. சிவப்பு எழுத்து மற்றதைவிட நான்கு மடங்கு பெரிதாக இருந்தது.

சந்திரமதி நாகப்பட்டினத்தில் ஆறாவது வரை படித்தவள். மூத்தவள் தனலெட்சுமிக்கு வகுத்தல் சொல்லிக் கொடுப்பதற்குள் உலை பொங்கும். உலையை இறக்கி வைத்துவிட்டு வந்தால் வேலு ஜன்னல் வழியாக மாமரத்தில் இருப்பான். வேலுவை இறக்கி உட்கார வைத்தால் கடைக்குட்டி சின்னத்தம்பி அண்ணன் சிலேட்டில் எழுதினதை நக்கி அழித்திருப்பான். துவைத்த துணியை மழைக்கு எடுக்க ஓடுவாள். திரும்பி வந்து பார்த்தால் பூகோளத்துக்காக வாங்கிய படத்தில் வங்காள விரிகுடா பூராவும் புளிக்குழம்பு.

சாயங்காலம் தேத்தண்ணி குடித்துவிட்டு சதாசிவம் சாய்வு நாற்காலியில் காலை நீட்டி மேற்பார்வை செய்வார்.

“வேலு! உலகத்துலயே பெரிய ஆறு எது?”

“ஸ்கூடாய் ஆறுப்பா.”

“சந்திரா! நாள் பூரா இதைத்தான் சொல்லிக் குடுத்தியா?”

சந்திரமதி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“என்னங்க, ஒரு கையில கரண்டி, ஒரு கையில சிலேட்டு. எனக்கு இருக்கிறது ரெண்டு கைதாங்க.”

“அதான் ரெண்டுக்கும் ரெண்டு இருக்கே. இன்னும் என்ன?”

“கணக்கை மட்டுமாவது நீங்க பார்த்துக்குங்களேன்.”

“ஆபீஸ்ல நான் என்ன பண்றேன்? கணக்குத்தானே? வீட்டுக்கு வந்தும் கணக்கா? வண்டி மாட்டைக் கூட அவுத்து விட்டா புல்லுத் திங்க விடுவாங்கடி.”

“அப்ப இங்கிலீஷ்?”

“துரைகிட்டப் பேசிப் பேசி நாக்கு சுளுக்கிக் கிடக்கு.”

“பூகோளம்?”

“ஜொகூர் பாருவுக்கு வழி தெரிஞ்சாப் போதும். நாம என்ன கப்பலா ஓட்டப் போறோம்?”

“ஒழுக்கமாவது...”

“அது என்னைப் பார்த்தே வந்துரும்” என்று சொல்லி சதாசிவம் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டையும் வந்தது.

சந்திரமதி அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அழவில்லை, சண்டை போடவில்லை. வாயைத் திறக்காத மனைவியைப் பார்த்தால் புத்தியுள்ள புருஷன் பயப்படுவான். சதாசிவமோ தம் சாமர்த்தியத்தால் அவள் அடங்கிவிட்டாள் என்று எண்ணி இன்னொரு தலையணை கேட்டு வாங்கிக்கொண்டார்.

சில வாரம் போயிற்று. ஒரு நாள் சாயங்காலம் மேற்பார்வைக்கு உட்கார்ந்தவர் நிமிர்ந்து பார்த்தார். தனலெட்சுமி போட்ட கணக்கு சரி. அடுத்ததும் சரி. வேலு பெரிய ஆற்றை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய் வைத்தான். சின்னத்தம்பிகூடச் சிலேட்டை நக்கவில்லை.

“தனம்! இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது?”

தனலெட்சுமி வாயைத் திறந்தாள். பதில் அடுப்பங்கரையிலிருந்து வந்தது.

“நம்ம டிரஸ்ஸர்தாங்க!”

தனலெட்சுமி அடுப்பங்கரைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

டிரஸ்ஸர் என்றால் ராஜசேகரன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பவர், புண்ணுக்குக் கட்டுப் போடுபவர். அடுத்த வீட்டுக்காரர். அவரிடம் சைக்கிள் இருந்தது. அதில் மணி இருந்தது. துரை அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சதாசிவத்தை ‘கிராணி’ என்று மட்டும்தான் கூப்பிடுவார். இந்தக் காரணங்களால் சதாசிவம் டிரஸ்ஸரோடு பேசி வெகு காலம் ஆயிற்று. கிராணி தம் பிள்ளைகளை நிறுத்திய மறுநாளே டிரஸ்ஸரும் தம் பெண்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தார். அவருக்கும் நம்மவரைப் போல எரிகிற வயிறுதான்.

“அவன் எதுக்கு எம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறான்?”

“நீங்க ஆபீஸ் போனப்புறம் பிள்ளைங்க ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போகுதுங்க. பாவம், அவருக்கு எவ்வளவு வேலை! இருந்தாலும் முகம் சுளிக்க மாட்டேங்கிறாரே. என்ன பொறுமை, என்ன பொறுமை!”

“பொறுமையாம்!”

“கையெழுத்து முத்து முத்தா இருக்குங்க. சட்டை பாருங்க, எப்பவும் பால் மாதிரி வெள்ளை. நம்ம செல்லம் குடுத்து வச்சவ.”

செல்லம் என்பது டிரஸ்ஸரின் மனைவி. சதாசிவத்துக்கு அன்று இராத்திரி சோறு இறங்கவில்லை. படுத்தால் சைக்கிள் மணி கேட்டது. தம் பிள்ளைகள் எல்லோரும் அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்து முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. தம் வீட்டிலேயே தமக்கு மேலே ஒரு ஆளா? நினைக்க நினைக்க அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கையும் களவுமாகப் பிடிப்பது என்று தீர்மானித்தார். மறுநாள் காலையில் கம்பளியைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு முனகினார்.

“காய்ச்சல். இன்னைக்கு ஆபீஸ் இல்ல. நான் இங்கேயே, ஜன்னலோரமாப் படுத்துக்கிறேன்.”

“ஐயோ, காய்ச்சலா?” சந்திரமதி நெற்றியைத் தொட்டாள். நெற்றி மண்பானை போலச் சில்லென்று இருந்தது. “நெருப்பாக் கொதிக்குதே! தனம், ஓடு, டிரஸ்ஸரைக் கூட்டிட்டு வா!”

இதைச் சதாசிவம் எதிர்பார்க்கவில்லை. காய்ச்சல் என்றால் டிரஸ்ஸர் வருவார் என்பது தோட்டத்து ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். பொறாமைக்காரருக்குத் தோன்றாமல் போய்விட்டது.

ராஜசேகரன் வந்தார். வெள்ளைச் சட்டை. நாடியைப் பிடித்தபடி சதாசிவத்தை முறைத்தார். சதாசிவமும் படுத்தபடியே முறைத்தார்.

“நாக்கை நீட்டுங்க, கிராணியாரே. ம்... அடுத்தவங்க பிள்ளைங்க மேல இவ்வளவு அக்கறை இருக்கிற ஆளுக்கு உடம்பு நல்லா இருக்கணும்ல? வயிறு சுத்தமானா எல்லாம் சுத்தமாகும்.”

குத்திக் காட்டுகிறான் என்று சதாசிவம் பல்லைக் கடித்தார். கடித்த பல்லைப் பிரித்து ஒரு முழுக் கிண்ணம் விளக்கெண்ணெயை டிரஸ்ஸர் உள்ளே விட்டார். சாதாரணமாகக் கரண்டியில் கொடுப்பதுதான் வழக்கம்.

அன்றைக்கு முழுதும் சதாசிவம் வீட்டில்தான் இருந்தார் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கும் கொல்லைப்புறத்துக்கும் இடையில் இருந்தார். ஒவ்வொரு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும்போதும் சந்திரமதி கவலையோடு சொன்னாள்:

“அடடா, இப்பத்தாங்க வந்துட்டுப் போறாரு. ரெண்டு கணக்குப் போட்டுக் காட்டினாரு பாருங்க, தேன் மாதிரி.”

சதாசிவம் வாசலுக்கு ஓடுவார். பாதி வழியில் விளக்கெண்ணெய் அவரைத் திருப்பி அழைத்துக்கொள்ளும். பொழுது சாய்வதற்குள் காய்ச்சல் இல்லாத மனிதருக்குக் காய்ச்சல்காரரின் முகம் வந்துவிட்டது.

இப்படி இருக்கும்போது நவராத்திரி வந்தது. சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் விஜயதசமி. அன்றைக்குத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்து, விரலைப் பிடித்து முதல் எழுத்து எழுத வைப்பார்கள். விரலைப் பிடித்தவர்தான் குரு. பிள்ளை எழுந்ததும் முதலில் குருவின் காலில் விழும். தகப்பனார் முறை அதற்கு அப்புறம்தான்.

“சின்னத்தம்பிக்கு இந்த வருசம் ஏடு தொடங்கணுங்க” என்றாள் சந்திரமதி, பொரி புடைத்துக்கொண்டே. “டிரஸ்ஸர் கைராசிக்காரரு. அவரையே பிடிக்கச் சொல்லலாம்.”

“எம் பிள்ளை, அவன் கால்ல, முதல்ல?”

“சொல்லிக் குடுக்கிறவரு கால்லதானே விழணும்?”

“ஊசி போடுற கைடி அது!”

“அவரு ஊசி போட்டா பிள்ளைங்க அழுறதே இல்லையாம்.”

“நான் பிடிக்கிறேன்! பெத்தவன் நான் இருக்கேன்!”

“வேணாங்க.” சந்திரமதி முறத்தைக் கீழே வைத்தாள். “பிடிச்சா வருசம் பூராச் சொல்லிக் குடுக்கணும். பேருக்குப் பிடிச்சிட்டு நாற்காலியில போய்ப் படுத்தா சரஸ்வதி கோவிச்சுக்கும், பிள்ளைக்குப் படிப்பு ஏறாது. உங்களுக்கு எதுக்கு இந்தச் சூசா, தொல்லை எல்லாம்? நாக்கு வேற சுளுக்கிக் கிடக்கு.”

“யாரு நாக்கு? பாரு!” சதாசிவம் நாக்கை நீட்டி இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டினார். “நான்தான் குரு. முடிஞ்சது பேச்சு!”

“உங்க இஷ்டம்” என்றாள் சந்திரமதி பெருமூச்சோடு. முறத்தை மறுபடி எடுத்தபோது பொரி வழக்கத்தைவிட உயரமாகப் பறந்தது.

விஜயதசமியன்று மழை சிணுசிணுத்தது. பால்வெட்டு இல்லை, தோட்டமே கோயிலில் கூடியிருந்தது. தாம்பாளத்துக்கு முன்னால் சின்னத்தம்பி உட்கார்ந்தான். பக்கத்துத் தாம்பாளத்தில் டிரஸ்ஸரின் சின்னப் பெண். ராஜசேகரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். தம் மகனிடம்தான் வருகிறார் என்று சதாசிவம் நினைத்தார். ஒரே பாய்ச்சல். பாய்ந்த வேகத்தில் அரிசி நாலு பக்கமும் சிதற, மகனின் விரலைப் பிடித்துவிட்டார். டிரஸ்ஸரும் அதே அவசரத்தில் தம் மகளின் விரலைப் பறித்தார். இருவரும் ‘அ’ எழுதினார்கள். எழுதும்போது ஒருவரும் தாம்பாளத்தைப் பார்க்கவில்லை, ஒருவரையொருவர்தான் பார்த்துக்கொண்டார்கள்.

“குருமாருங்க என்ன சொல்லிக் குடுப்பீங்கன்னு அம்மனுக்குச் சொல்லுங்க” என்றார் கோயில் பண்டாரம், வழக்கமான குரலில்.

“நான் கணக்குச் சொல்லிக் குடுப்பேன்!” என்றார் சதாசிவம்.

“நான் கணக்கும் இங்கிலீஷும்!” என்றார் டிரஸ்ஸர்.

“நான் அதோட பூகோளமும்!”

“தினமும் சாயந்தரம்!”

“சாயந்தரம் என்ன, விடியக்காலையிலயும்!”

“லீவு நாள்லயும்!”

பால்வெட்டு ஆட்களுக்கு இது கூத்தைவிட நன்றாக இருந்தது. பெரிய கங்காணி ஏலக்காரரைப் போலக் கையை உயர்த்தினார்.

“டிரஸ்ஸரு லீவு நாள் வரைக்கும் வந்துட்டாரு. கிராணியாரு மேல கேக்கிறீங்களா?”

கங்காணி கேட்டது சதாசிவத்துக்கு நெஞ்சில் குத்தியது. கற்கண்டுக்காரன் முன்னால் தோற்பதா?

“ஒரு வீட்டுப் பிள்ளைங்களுக்கு இல்ல! ரெண்டு வீட்டுப் பிள்ளைங்களுக்கும் நான் சொல்லிக் குடுப்பேன்!”

“ரெண்டு வீட்டுக்கும் நானும்தான்!” என்று கத்தினார் டிரஸ்ஸர்.

கூட்டம் கை தட்டியது. பெண்கள் பக்கம் செல்லமும் சந்திரமதியும் ஒரே இலையில் சுண்டலை வைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். செல்லம் வாயைத் துடைத்துக்கொண்டு பணிவாகக் கேட்டாள்:

“பண்டாரம் ஐயா, சூடம் கொஞ்சம் இருக்குங்களா?”

இருந்தது. சூடம் அணைத்துச் சத்தியம் செய்தால் பிறகு அதை மாற்றிப் பேசத் தோட்டத்தில் யாருக்கும் தைரியம் வராது; வீடு விளங்காது என்று பயம். பண்டாரம் கொளுத்திய மறுகணமே இருவரும் உள்ளங்கையை அதன் மேல் அறைந்தார்கள். டிரஸ்ஸரின் கை கீழே, கிராணியின் கை மேலே. மேலே இருந்ததில் சதாசிவத்துக்குப் பரம சந்தோஷம்.

அப்புறம் சின்னத்தம்பி எழுந்து வந்து அவர் காலில் விழுந்தான். முதலில் அவர் காலில். அந்தச் சின்னத் தலை பாதத்தில் பட்டபோது சதாசிவத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாள் வயிற்றில் எரிந்தது எல்லாம் அணைந்தது போல் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது பெண்கள் இருவரும் ஒரே குடையில் முன்னால் போனார்கள். பிள்ளைகள் சேற்றில் குதித்துக்கொண்டு போயின. பாதை ஒடுக்கம், கிராணியும் டிரஸ்ஸரும் விருப்பமில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நடக்க வேண்டியிருந்தது. டிரஸ்ஸர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“கிராணியாரே, கேக்கிறேன்னு கோவிச்சுக்காதீங்க. இத்தனை நாளா எம் பிள்ளைங்களுக்கு நீங்க எதுக்கு வலிய வந்து படிப்புச் சொல்லிக் குடுத்தீங்க? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

சதாசிவம் நின்றுவிட்டார்.

“நானா? நீங்கல்ல எம் பிள்ளைங்களுக்கு வராந்தாவுல உட்கார வச்சு...”

“எந்த வராந்தாவுல? சீக்காளிங்க உட்காரவே அங்க இடம் இல்ல. நீங்கதான் ஆபீஸ்ல இருந்து மத்தியானம் வந்து எங்க பெரியவளுக்கு வகுத்தல் சொல்லிக் குடுத்ததா செல்லம் சொல்லுச்சு. கிராணியாரு குரல் என்ன இதம்னு தினம் ஒரு பாட்டம். அந்த எரிச்சல்லதான் அன்னைக்கு விளக்கெண்ணெயை...” டிரஸ்ஸர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இருவரும் முன்னால் போகிற குடையைப் பார்த்தார்கள். குடை குலுங்கிக்கொண்டிருந்தது. மழை அவ்வளவு பலமாக இல்லை.

“அலமாக்! மோசம் போயிட்டோம்!” என்றார் டிரஸ்ஸர் மெதுவாக.

சதாசிவம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி, வீட்டு வாசலில் மனைவியைப் பிடித்துவிட்டார்.

“சந்திரா! டிரஸ்ஸர் நம்ம பிள்ளைங்களுக்கு ஒரு எழுத்துகூடச் சொல்லிக் குடுக்கலையாமே?”

“ஆமாங்க.”

“அப்ப அந்தக் கணக்கு, ஆறு, எல்லாம் யாரு?”

“நான்தான். வேற யாரு?”

“பின்ன எதுக்குடி அந்த ஆளு பேரைச் சொன்னே?”

“எம் பேரைச் சொல்லியிருந்தா நீங்க நாற்காலியை விட்டு எந்திரிச்சிருப்பீங்களா?”

சதாசிவம் யோசித்துப் பார்த்தார். எழுந்திருக்க மாட்டார்தான். சூடம் அணைத்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாளைக் காலையில் பிரட்டு, ஆபீஸ், நடுவில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் கணக்கு, இங்கிலீஷ், பூகோளம்; தலை சுற்றியது. ஆனாலும் அந்தச் சுற்றலுக்கு நடுவிலே ஒரு சந்தோஷம் மெல்ல எட்டிப் பார்த்தது. எல்லாமே பொய் என்றால், அவர் வயிற்றை எரித்ததும் பொய்தானே? வருசம் பூராவும் உழைக்கலாம், அது போதும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏறக்குறையக் கெஞ்சுகிற மாதிரி கேட்டார்:

“சரி, நீ ஜெயிச்சிட்டே, போ. ஒன்னு மட்டும் சொல்லு. அந்தப் பொறுமை, முத்து முத்தான கையெழுத்து, வெள்ளைச் சட்டை, சுளிக்காத முகம்னு அடுக்கினியே, அதெல்லாம் பொய்தானே?”

சந்திரமதி குடையை மடக்கி உதறினாள். புருஷனிடம் இனிப் பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் சொன்னாள்:

“சொல்லிக் குடுத்தாருன்னது மட்டுந்தாங்க பொய்.”